சிங்கப்பூர் தேசிய தினத்தை நேரில் பார்ப்பதும், பார்த்ததைப் படிக்கும்படி எழுதுவதும்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "ஆகஸ்டில் சிங்கப்பூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிறேன். ஆகஸ்ட் 9 தேசிய தின அணிவகுப்பை நேரில் பார்க்க வேண்டும். முடிந்தால் ஆகஸ்ட் 31 அன்று வரும் மலேசியாவின் மெர்டேக்கா (விடுதலை) நாளையும். திரும்பி வந்து பயணக்கட்டுரை எழுத ஆசை. முன்பு துபாய் போய் வந்து எழுதியதை வீட்டில்கூட யாரும் முழுசாகப் படிக்கவில்லை. எப்படிப் பார்ப்பது, எப்படி எழுதுவது?"

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வேலை. ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாது. எங்கே நின்று பார்க்கிறீர்களோ அதைத்தான் எழுதப் போகிறீர்கள். அணிவகுப்பைத் தொலைக்காட்சி எல்லாக் கோணத்திலும் காட்டிவிடும். சிங்கப்பூரில் வசந்தம் ஒளிவழியில் தமிழ் வர்ணனையோடு நேரலையாகவே வரும். அதையே நீங்களும் எழுதினால் எவரும் படிக்கமாட்டார்கள். பார்க்க வந்த கூட்டம், அது காத்துக் கிடக்கும் நேரம், கலைந்து வீடு போகிற விதம், இவற்றின் பக்கம் கேமரா அதிகம் திரும்புவதில்லை. உங்கள் கட்டுரை அங்கேதான் கிடக்கிறது. அந்த இடத்தில் போய் நிற்பதற்கு வேண்டிய ஏற்பாட்டை முதலில் சொல்கிறேன்.

சிங்கப்பூர் அணிவகுப்புக்கு நுழைவுச்சீட்டு விலைக்குக் கிடையாது. இலவசம்தான், ஆனால் குலுக்கலில் விழ வேண்டும். அந்தக் குலுக்கலில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் பெயர் கொடுக்கலாம். அத்தை வீட்டில் யாராவது அப்படி இருந்தால், விண்ணப்பம் திறக்கும் வாரத்திலேயே அவர்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். நீங்கள் ஊரிலிருந்து போய் இறங்கிய பிறகு கேட்டால் காரியம் ஆகாது. இணையத்தில் யாராவது சீட்டு விற்கிறார் என்றால் வாங்காதீர்கள். விற்பதே கூடாத சீட்டு அது, போலியாகவும் இருக்கும்.

சீட்டு கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். எழுதுகிறவருக்கு வெளியே நிற்பதுதான் நல்லது என்பேன். உள்ளே உட்கார்ந்தால் ஒரே நாற்காலி, ஒரே கோணம், நிகழ்ச்சி முடியும்வரை நகர முடியாது. வெளியே மரினா வளைகுடாவைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் உண்டு. 9ஆம் தேதிக்கு முன்னால் ஜூன் முதலே சனிக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும். ஜூலையில் சில சனிக்கிழமைகள் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான காட்சி. ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கச் சனிக்கிழமைகளில் முழு முன்னோட்டம். கொடியைத் தூக்கிப் பறக்கும் ஹெலிகாப்டர், போர் விமானங்கள், வாணவேடிக்கை எல்லாம் முன்னோட்டத்திலேயே பெரும்பாலும் வந்துவிடும். ஆகவே பயணத்தை ஜூலை கடைசி வாரத்தில் தொடங்குங்கள். ஒரு முன்னோட்டச் சனிக்கிழமையை இடம் பார்க்கவும் நேரம் குறிக்கவும் வைத்துக்கொண்டால், 9ஆம் தேதி நடப்பது வரிசையாகத் தெரிந்திருக்கும். வானத்தை அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கலாம். 8ஆம் தேதி இறங்கி 10ஆம் தேதி கிளம்புகிறவர்கள் செய்யும் பிழையே இதுதான்: முதல் தடவை பார்க்கும்போது கண் முழுதும் வேடிக்கையில் போய்விடுகிறது, குறிப்பெடுக்க இன்னொரு தடவை இல்லை.

நிற்கும் இடம் அந்த ஆண்டு விழா எங்கே என்பதைப் பொறுத்தது. 1966இல் முதல் அணிவகுப்பு நடந்தது பாடாங் திடலில். பிறகு பழைய தேசிய விளையாட்டரங்கம், 2007 முதல் மரினா வளைகுடாவின் மிதக்கும் மேடை என்று மாறி மாறி, 2023 முதல் 2025 வரை மறுபடி பாடாங்கில் நடந்தது. பாடாங் என்றால் எஸ்பிளனேடு கலையரங்கத்துக்கு முன்னாலுள்ள நீரோரப் படிகள், மெர்லயன் பூங்கா, வளைகுடாவைச் சுற்றிய நடைபாதை எல்லாம் நல்ல இடம். பிள்ளைகுட்டியோடு போகிறவர்கள் கொஞ்சம் தள்ளி மரினா அணைக்கட்டின் புல்மேட்டுக்குப் போவார்கள். ஆகஸ்டில் அங்கே காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிக்கும், வாணவேடிக்கைப் புகை வடக்கே போகும். வளைகுடாவின் தெற்குப் பக்கம் நின்றால் புகை முகத்துக்கு வராது. எந்தப் பக்கம் நின்றாலும் முதல் இரண்டு நிமிஷ வெடிதான் தெளிவாகத் தெரியும். பிறகு புகை சேர்ந்து வண்ணம் மங்கிவிடும். படம் எடுப்பதென்றால் அந்த முதல் இரண்டு நிமிஷத்தோடு முடித்துக்கொண்டு கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள். முக்காலி கொண்டு போகாதீர்கள், நெரிசலில் நாலு பேர் காலைத் தட்டும். கைப்பிடிச் சுவரில் அழுத்தி வைத்து எடுத்தால் போதும்.

சூரியன் மறைவது ஏழேகால் வாக்கில். நிகழ்ச்சி மாலை ஐந்தரை ஆறுக்குத் தொடங்கி எட்டு, எட்டரைக்கு முடியும். நல்ல இடம் வேண்டுமென்றால் நாலு மணிக்கே போய் உட்கார வேண்டும். நம்மூர் வெயிலுக்குப் பழகியவர்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். சூடு 31, 32 டிகிரிதான் என்றாலும் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. ஒரு லிட்டர் தண்ணீர், குடை இல்லாமல் மழைச்சட்டை (குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும்), உட்கார ஒரு விரிப்பு. நகர மண்டபம், எஸ்பிளனேடு, பேஃபிரண்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையங்கள் விழா முடிந்ததும் நிரம்பி வழியும். ஒன்றிரண்டு நிலையத் தூரம் நடந்துபோய் ஏறினால் வெரசா வீடு சேரலாம். அந்த நடையை விட்டுவிடாதீர்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்கள், குப்பை பொறுக்கும் தொண்டூழியர்கள், சாலைத்தடுப்பை எடுக்கும் ஆட்கள் எல்லாரையும் அந்த அரைமணி நேரத்தில்தான் பார்ப்பீர்கள்.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, இந்தியக் கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. அன்பாகத்தான் செய்வீர்கள், ஆனால் வேற்று நாட்டுக் கொடியை, சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதற்கு அங்கே தடைச் சட்டமே இருக்கிறது. இரண்டு, டிரோன் வேண்டாம். விழாப் பகுதியில் பறக்கவிடத் தடை, மீறினால் பெரிய தண்டம். மூன்று, கையில் பதாகை பிடித்துக் கூட்டமாக நிற்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது; உரிமம் இல்லாத கூட்டத்தில் வெளிநாட்டவர் சேர்வது குற்றம். சிவப்போ வெள்ளையோ சட்டை போட்டுக்கொண்டு போங்கள். எல்லாரும் அப்படித்தான் வருவார்கள், உங்களையும் தங்களோடு சேர்த்துக்கொண்டு பேசுவார்கள்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெல்லையிலிருந்து மதுரை, திருவனந்தபுரம், திருச்சி மூன்று விமான நிலையமும் சாலை வழியே போய்ச் சேரும் தூரம்தான்; மூன்றிலும் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகவோ, அங்கே இருக்கும் உறவினர் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் வந்தால் மூடிவிடுங்கள். மலேசியாவுக்கு இந்தியர்கள் இப்போது 30 நாள் விசா இல்லாமல் போகலாம். இந்தச் சலுகையை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் மூன்று நாளுக்குள் இணைய வருகைப் படிவம் உண்டு.

ஆகஸ்ட் 9க்கும் 31க்கும் நடுவில் 22 நாள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமென்றால் மூன்று வாரத்துக்கு மேல் தங்க வேண்டும், செலவும் ஏறும். அத்தை வீட்டில் தங்கல் என்பதால் உங்களுக்குக் கட்டுப்படியாகலாம். அப்படியானால் சிங்கப்பூரில் இறங்கி, கோலாலம்பூரிலிருந்து திரும்பும்படி டிக்கெட் போடுங்கள். எல்லையைத் திரும்பக் கடக்க வேண்டாம், இரண்டாம் தடவை நுழைய விசா செல்லுமா என்ற கவலையும் இல்லை. சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும் ஜோகூர் கடற்பாலத்தை நீண்ட வார இறுதியில் கடக்காதீர்கள். ஆகஸ்ட் 9 ஞாயிறில் விழுந்தால் திங்களும் விடுமுறை; ஒரு கிலோமீட்டர்ப் பாலத்துக்கு மணிக்கணக்கில் நிற்க நேரும். செவ்வாய், புதன் காலை பத்து மணிக்கு மேல் போனால் பைய நடந்தே சோதனையை முடிக்கலாம்.

ஒன்றைத்தான் பார்க்க முடியும், புதுசாக எழுதப் பழகுகிறேன் என்று சொல்கிற யாருக்கும் நான் மெர்டேக்காவைத்தான் சொல்வேன். காரணம் எளிது: அது திறந்த சாலையில் நடக்கிறது, யாரும் போய் நிற்கலாம். அண்மை ஆண்டுகளில் அணிவகுப்பு பெரும்பாலும் புத்ராஜெயாவில் காலை எட்டு மணி வாக்கில் தொடங்குகிறது. ஆகஸ்ட் மாதம் அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல். ஐந்தரைக்கெல்லாம் இடம் பிடித்த குடும்பங்கள் இருட்டில் பாய் விரித்து, பொட்டலம் பிரித்துப் பசியாறிக்கொண்டிருக்கும். எழுதுகிறவருக்கு அந்த இரண்டரை மணி நேரம்தான் விளைச்சல். கோலாலம்பூரிலிருந்து எம்ஆர்டி புத்ராஜெயா தடம் நேரே புத்ராஜெயா சென்ட்ரல் வரை போகிறது; அங்கிருந்து நடையோ பேருந்தோ. முந்தின நாள் இரவு கோலாலம்பூர் நகரின் நடுவில் நள்ளிரவு எண்ணிக்கையும் வாணவேடிக்கையும் இருக்கும். இரண்டையும் பார்க்க நினைத்துத் தூங்காமல் போனால் காலையில் குறிப்பெடுக்கக் கை வராது. இரவை விட்டுவிடுங்கள்.

இனி எழுத்து.

போகும் முன் அந்த நாளின் சரித்திரத்தை ஒரு பக்கத்துக்கு எழுதிப் பார்த்துவிடுங்கள். கட்டுரையில் போடுவதற்காக அல்ல. கூட்டத்தில் நிற்கும்போது யார் முகத்தில் என்ன தெரிகிறது என்று உங்களுக்குப் புரிவதற்காக. மலேசியாவின் 1957 ஆகஸ்ட் 31, மெர்டேக்கா அரங்கத்தில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்க, கூட்டம் திருப்பி முழங்கிய நாள். கேட்டுப் பெற்ற விடுதலை. சிங்கப்பூரின் 1965 ஆகஸ்ட் 9 அப்படிப்பட்டதல்ல. 1963இல் மலேசியாவோடு சேர்ந்து, இரண்டே ஆண்டில் பிரிய நேர்ந்த நாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வானொலியில் அறிவித்தார்கள். அன்று செய்தியாளர்கள் முன் பேசிய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ கண்ணீர் விட்டார். இன்று அதே தேதியில் ஊரே சிவப்பு வெள்ளையில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டு நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரே மாதிரித் தெரிகிற கொடிகளும் பாட்டும் ஒரே மாதிரி இருக்காது.

இலங்கையின் பிப்ரவரி 4 இன்னும் கவனமாகப் போக வேண்டிய இடம். 1948இல் வந்த சுதந்திரம். ஆனால் அந்த நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாளாக இருந்ததில்லை. 2016இல் அரசு விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள், 2020இல் பாடவில்லை. யாழ்ப்பாணத்தில் நிற்பவர் எழுதும் பிப்ரவரி 4உம் கொழும்புக் காலிமுகத் திடலில் நிற்பவர் எழுதும் பிப்ரவரி 4உம் வேறுவேறு கட்டுரை. எந்த நாட்டு விழாவானாலும் இது யாருடைய நாள், யார் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள் என்று ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்.

சிங்கப்பூரில் நம்மவர் தடம் பாடாங் திடலுக்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. பாடாங்கில்தான் 1943 ஜூலை 5 அன்று சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் அந்தப் படையில் நிறையப் பேர். பக்கத்து எஸ்பிளனேடு பூங்காவில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. திரும்பி வந்த பிரிட்டிஷார் 1945இல் அதைத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் 1995இல் ஓர் அடையாளச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பாடாங்கில் விழா என்றால் வருகிற ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்துதான் போவார்கள். மாலை நாலு மணிக்கு இடம் பிடிக்கும் முன் கால்மணி நேரம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள். தஞ்சோங் பகார் பக்கம் ஒரு காலத்தில் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த வட்டாரம். உங்கள் அத்தைக்குத் தெரிந்த பெரியவர் யாராவது அந்தப் பக்கத்தில் வளர்ந்திருந்தால் ஒரு நாள் மாலையை அவருக்கு ஒதுக்குங்கள்.

அவரிடம் என்ன கேட்பது என்பது முக்கியம். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்றால் "நல்லாத்தான் இருந்தது தம்பி" என்பதோடு முடிந்துவிடும். "1965 ஆகஸ்ட் 9 அன்று காலையில் எங்கே இருந்தீங்க? யார் வந்து சொன்னா? அன்னிக்கு கடை திறந்திருந்ததா? வீட்டில் யாராவது ஜோகூர்ப் பக்கம் மாட்டிக்கிட்டாங்களா?" என்று இடத்தையும் ஆளையும் நேரத்தையும் கேளுங்கள். மனிதர்கள் பொதுவாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள், குறிப்பாகக் கேட்டால் ஞாபகம் வரும். சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே அன்று இரவே எழுதி வையுங்கள். பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் "துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர்" என்றால் போதும்.

குறிப்பேட்டுக்கு வருவோம். கைப்பேசியில் தட்டுவதைவிடச் சட்டைப்பைக்குள் போகிற சின்ன நோட்டும் பென்சிலும் நல்லது. மழையில் பேனா மை கலையும், பென்சில் கலையாது. ஒவ்வொரு குறிப்புக்கும் முதலில் மணி. பிறகு நிற்கும் இடம். பிறகு ஒரே ஒரு பொருள் அல்லது ஒரே ஒரு செய்கை. "6.10, படிக்கட்டு, முகத்தில் கொடி வரைந்த பிள்ளை, வேர்வையில் வண்ணம் கழுத்துக்கு இறங்கிவிட்டது" என்பது போல. உணர்ச்சியை அப்போது எழுத வேண்டாம். "மெய்சிலிர்த்தது" என்று எழுதி வைத்தால் பத்து நாள் கழித்துப் படிக்கும்போது உங்களுக்கே எதற்குச் சிலிர்த்தது என்று தெரியாது. பொருளை எழுதி வைத்தால் உணர்ச்சி தானாகத் திரும்பி வரும்.

எண்ணிக்கையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "லட்சக்கணக்கானோர் திரண்டனர்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். கூட்டத்தைக் கணக்கிட ஒரு வழி உண்டு. கூட்டம் நிற்கும் இடத்தின் நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்துகொள்ளுங்கள். நடக்கும்போது எடுத்து வைக்கும் ஓர் அடியை, உயரத்தைப் பொறுத்து, ஏறக்குறைய முக்கால் மீட்டர் என்று வைக்கலாம். கையை வீசி நடக்கும்படி கூட்டம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஒருவர், தோள் உரசினால் இரண்டு பேர், நகரவே முடியாத நெரிசலென்றால் நாலு பேர். பெருக்கிப் பாருங்கள். 80 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள நடைபாதையில் தோள் உரசும் கூட்டம் என்றால் 1,600 பேர். "ஆயிரத்தைந்நூறுக்கு மேல்" என்று எழுதினால் வாசகருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும். அடுத்து நீங்கள் சொல்வதையும் நம்புவார். தூரத்துக்கும் ஒரு கணக்கு: மரியாதைக் குண்டு முழங்கும்போது 21 வெடி. புகை தெரிந்ததற்கும் சத்தம் வந்ததற்கும் இடையில் மூன்று வினாடி என்றால் பீரங்கி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இதற்கெல்லாம் வெளிநாடு போய்த்தான் பழக வேண்டும் என்றில்லை. நீங்கள் கிளம்பும் முன்னாலேயே நெல்லையப்பர் ஆனித் தேர் வந்துவிடும். நோட்டோடு ரத வீதிக்குப் போங்கள். தேரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், வடம் பிடிக்க வந்தவர்களையும் மாடியிலிருந்து பார்ப்பவர்களையும் நீர்மோர் ஊற்றுகிறவர்களையும் மட்டும் இரண்டு மணி நேரம் குறிப்பெடுங்கள். முக்கில் தேர் திரும்பும்போது வடத்தின் இறுக்கம் மாறுவதற்கு முன்னாலேயே கூட்டத்தின் சத்தம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பிறந்ததிலிருந்து பார்த்த ஒன்றைப் புதுசாகப் பார்க்கக் கண் பழகிவிட்டால், புது ஊரில் கண் தடுமாறாது. இன்னொரு பழக்கம் வேண்டுமென்றால் ஜனவரி 26க்கு வ.உ.சி. மைதானம் போகலாம், அல்லது ஜூலை 14க்குப் புதுச்சேரி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் அங்கே பிரான்சின் தேசிய நாளைக் கொண்டாடுவதைப் பார்த்தால், வெளிநாட்டுத் தேசிய தினம் நம் மாநிலத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று இருப்பது தெரியும்.

இனி ஒரு பத்தியை எடுத்து வைத்துப் பார்ப்போம். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூரே விழாக்கோலம் பூண்டிருந்தது. எங்கு நோக்கினும் மக்கள் வெள்ளம். வானில் சீறிப் பாய்ந்த விமானங்கள் கண்ணுக்கு விருந்தளித்தன. வண்ணமயமான வாணவேடிக்கை அனைவரையும் பரவசத்தில் ஆழ்த்தியது."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்றினால் டில்லிக்கும் பொருந்தும், துபாய்க்கும் பொருந்தும். அதையே இப்படி எழுதலாம். மாதிரிக்காக நான் புனைந்ததுதான்:

"மணி ஆறே முக்கால். எஸ்பிளனேடு முன்னால் நீரோரப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு சீன ஆச்சி, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் மடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடினார். பெரிய கொடியைக் கீழே தொங்கவிட்டபடி அது கட்டடங்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது, இருபுறமும் சின்ன ஹெலிகாப்டர் ஒவ்வொன்று. திடலில் ஒலித்த தேசிய கீதம் தண்ணீர் வழியாக வந்தது. ஆச்சி எழுந்து, பேரனையும் தோளைப் பிடித்து எழுப்பினார். பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் நேரலை வைத்திருந்தார். நேரலை பிந்தி வருமல்லவா, திடலில் பாட்டு முடிந்த பிறகும் அவர் கையில் முடியவில்லை. பேரன் உட்காரப் போனான். ஆச்சி விடவில்லை, அந்தப் பாட்டும் முடியட்டும் என்று நிறுத்தி வைத்தார்."

இரண்டாவது பத்தியில் ஒரு பெயரடைகூட விழாவைப் புகழவில்லை. மணி இருக்கிறது, இடம் இருக்கிறது, ஒரு டப்பா இருக்கிறது. நேரலை பிந்தி வரும் என்ற சின்ன விஷயம் அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். அந்த ஆச்சி நாட்டை நேசிக்கிறார் என்று எழுதாமலே வாசகர் தெரிந்துகொள்கிறார். பயணக்கட்டுரை படிப்பதில் உள்ள சுகமே இதுதான். ஊர் பற்றிய தகவல் வேண்டுமென்றால் தேடிக்கொள்ள ஆயிரம் இடம் இருக்கிறது. ஒருவர் பக்கத்தில் நின்று "அங்கே பாரு" என்று கையைக் காட்டுவது வேறு எங்கும் கிடைப்பதில்லை. நீங்கள் படித்து ரசித்த பயணக்கட்டுரை ஏதாவது நினைவில் இருந்தால் அதை மறுபடி எடுத்து, எந்த இடம் ஞாபகத்தில் நின்றது என்று பாருங்கள். மக்கள்தொகையோ பரப்பளவோ நின்றிருக்காது. யாரோ ஒருவர் டீ ஊற்றிக் கொடுத்த விதம் நின்றிருக்கும்.

உங்கள் துபாய்க் கட்டுரையை நான் பார்க்கவில்லை. ஆனால் படிக்காமல் விடப்படும் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் மூன்று நோய்தான். முதலாவது, விமான நிலையத்தில் தொடங்குவது. பெட்டி கட்டியது, வழியனுப்ப வந்தது, ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தது என்று மூன்று பக்கம் போன பிறகுதான் ஊர் வரும். அதை முழுதாக வெட்டிவிட்டு, கூட்டத்தின் நடுவில் தொடங்குங்கள். இரண்டாவது, காலை எழுந்தது முதல் இரவு படுத்ததுவரை வரிசையாகச் சொல்வது. ஒரு விழாவில் உங்களை உலுக்கியது ஒரு மணி நேரம் என்றால், கட்டுரையில் பாதியை அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுங்கள். மற்ற நாட்கள் இரண்டு பத்தியில் போகட்டும். மூன்றாவது, ஒப்பீடு. "அங்கே எவ்வளவு சுத்தம், நம்மூரில் பாருங்கள்" என்று ஒரே ஒரு தரம் எழுதினாலும் வாசகர் எரிச்சலாகிவிடுவார். நெல்லை வாசகருக்கு அளவு காட்டத்தான் நம்மூர் வேண்டும், மார்க் போட வேண்டாம். புத்ராஜெயா அணிவகுப்புச் சாலை எவ்வளவு அகலம் என்று சொல்ல, ரத வீதியைப் போல் எத்தனை மடங்கு என்று சொன்னால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஊர்ப்பெயர், ஆள்பெயரை அந்தந்த நாட்டுத் தமிழர் எழுதுகிறபடி எழுதுங்கள். சிங்கப்பூருக்கு 1935 முதல் வரும் "தமிழ் முரசு" இருக்கிறது, மலேசியாவிலும் தமிழ் நாளிதழ்கள் உண்டு. அவற்றில் பார்த்து "சிராங்கூன் சாலை", "தஞ்சோங் பகார்" என்று எழுதினால் அங்கே இருப்பவரும் உங்கள் கட்டுரையைத் தன்னுடையதாகப் படிப்பார். அந்த நாளின் தமிழ்ப் பங்கையும் பாருங்கள். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. "முன்னேறு வாலிபா" என்ற தமிழ்ப் பாட்டைச் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் சேர்ந்து பாடும். தேசிய கீதமோ மலாய் மொழியில், ஜுபிர் சயித் இசையமைத்தது. எல்லாரும் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதியவர் சி. ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய உறுதிமொழியை வலக்கையை மடக்கி இடது மார்பில் வைத்துச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவர் சொல்லும்போது நீங்கள் அமைதியாக நின்றால் போதும். சேர்ந்து சொல்ல வேண்டியதில்லை, கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டவும் வேண்டாம். மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆகஸ்ட் மாதம் வாசலில் கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பது சரி, உள்ளே போக முன்கூட்டித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் முகத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் எடுத்துப் போடாதீர்கள்.

வந்ததும் எழுதாதீர்கள், ரொம்ப நாளும் ஆறப் போடாதீர்கள். ஒரு வாரம் சரியாக இருக்கும். முதல் வரைவை நோட்டைப் பார்க்காமல் எழுதுங்கள். ஞாபகத்தில் நின்றதுதான் நல்ல சரக்கு. பிறகு நோட்டைத் திறந்து மணி, எண்ணிக்கை, பெயர் எல்லாவற்றையும் சரி பாருங்கள். ஆண்டும் எண்ணும் வருகிற ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டு, இரண்டு வேறு இடத்தில் ஒத்துப் பார்த்த பிறகே விடுங்கள். மெர்டேக்கா நாளையும் மலேசிய நாளையும் குழப்புகிறவர்கள் நிறைய. 1957 ஆகஸ்ட் 31 மலாயாவின் விடுதலை. 1963 செப்டம்பர் 16 மலேசியா உருவான நாள். 1963இல்தான் சேர்ந்த சபா, சரவாக் மாநில வாசகர் ஒருவர் கையில் உங்கள் கட்டுரை போனால் அவர் முதலில் பார்ப்பது இதைத்தான். கடைசியாக ஒரு தடவை அத்தையிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், தொலைபேசியிலாவது. அவர் எங்கே "அப்படி இல்லை தம்பி" என்கிறாரோ அங்கே திருத்துங்கள். எங்கே பேசாமல் கேட்கிறாரோ அங்கே கை வைக்காதீர்கள். 1,200 வார்த்தைக்கு மேல் போனால் முதல் பத்தியிலிருந்து வெட்டத் தொடங்குங்கள்.